இவனெசென்ட் அலை: ‘பொசியலை’ என்று வைத்தால் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

ஒளியை உள்ளே அடக்கி ஓட்டும் பொருளின் எல்லைக்கு வெளியே, அதை ஒட்டிக் கொஞ்ச தூரம் மட்டும் இருக்கும் ஒளிப்புலம்தான் இவனெசென்ட் அலை. அதைத் தமிழில் ‘மறையலை’ என்பதா, ‘தேயலை’ என்பதா என்ற இழுபறியில் நானும் தலையை நுழைக்கிறேன். ‘தேயலை’யை வகுப்பில் எழுதிப் பார்த்தேன். “சார், தேயிலையா?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அத்தோடு அது போச்சு.

‘மறையலை’யில் வேறு சிக்கல். நேரம் போகப்போக இல்லாமல் போகும் அலை என்று தோன்றுகிறது. இதுவோ ஒளி ஓடும்வரை எல்லையை ஒட்டி இருந்துகொண்டே இருக்கும். தள்ளிப்போகப் போகத்தான் வலு குறையும். சிலிக்கான் அலைநடத்தியில் (ஒளியை வழிநடத்தும் மெல்லிய தடம்) 1550 நானோமீட்டர் ஒளிக்குச் சில நூறு நானோமீட்டர் தள்ளினாலே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் நிலத்தில் இரண்டு வாய்க்கால்கள் அடுத்தடுத்து ஓடும். நடுவில் ஒரு முழ வரப்பு. மோட்டார் போட்டு ஒன்றில் தண்ணீர் விட்டால், கொஞ்ச நேரத்தில் அடுத்ததின் காய்ந்த மண் கறுத்து ஈரமாகும். வரப்பு உடைந்திருக்காது, மடையும் திறந்திருக்காது. “பொசியுது” என்பார் அப்பா. மண் அணைத்து வரப்பைத் தடிமனாக்கினால் நின்றுவிடும்.

சிப்பில் இரண்டு அலைநடத்திகளை 200 நானோமீட்டர் இடைவெளியில் வைத்தாலும் இதே கதைதான். தொடாமலே ஒளி பக்கத்ததற்குப் போய்ச் சேரும். இடைவெளியைக் கூட்டினால் போகாது. 1897இல் ஜகதீச சந்திர போஸ் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே காற்றிடைவெளியை மாற்றி மாற்றி மைக்ரோ அலையில் சோதித்ததும் இதைத்தான்.

‘கசிவலை’ வேண்டாம். ஒளி ஓடும் முறைகளில் லீக்கி மோடு என்று தனியே ஒன்று இருக்கிறது. அதில் ஆற்றல் உண்மையாகவே ஒழுகிப் போகிறது. கசிவு அதற்கே இருக்கட்டும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் நீர் பொசிந்தால் குறையும். பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளில்லாதபோது இந்த அலை ஆற்றலை வெளியே கொண்டுபோவதில்லை. உவமை அங்கே நொண்டும்.

அப்புறம் சந்தி. பொசிவு + அலை என்றால் ‘பொசிவலை’, மீன்பிடிக்கப் போகலாம். வினைத்தொகையாகப் பொசி + அலை, ‘பொசியலை’. இந்த அலையின் புலத்துக்குப் ‘பொசிபுலம்’, ஒளி இப்படிப் பக்கத்து அலைநடத்திக்குப் போய்ச் சேரும் கப்ளிங்குக்குப் ‘பொசிவிணைப்பு’.

வளைய ஒத்திசைவியின் (குறிப்பிட்ட அலைநீள ஒளி மட்டும் சுற்றிச் சுற்றி வலுக்கும் வளைய அலைநடத்தி) மேல் வந்து ஒட்டும் புரதத்தை இந்தப் பொசிபுலம்தான் உணர்கிறது. அதைப் பற்றிய என் கட்டுரை வெள்ளிக்கிழமை துறை மலருக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.