டி-சர்ட்டுக்கு ஏற்ற வாசகம் அமையவில்லை: ஆலோசனை தேவை

எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான எங்கள் குழுவில் 80 பேர் இருக்கிறோம்; எங்களில் பெண்கள் 9 பேர் மட்டுமே. இந்நிலையை மாற்றும் முயற்சியாக, ஆண்டுக் கூடுகைக்கு டி-சர்ட்டும் ஸ்டிக்கரும் அச்சிடும் பொறுப்பை 4 மாதங்களுக்கு முன் ஏற்றேன். வாசகம் இன்னும் முடிவாகவில்லை.

முதலில் ‘பெண்களும் நிரல் எழுதுவார்கள்’ என்று 50 டி-சர்ட்டுகள் அச்சிட்டோம். அந்த ‘உம்’தான் வினையாயிற்று, பெண்கள் நிரல் எழுதுவது ஏதோ வியப்புக்குரிய செய்தி போல ஒலிக்கிறது என்று சொல்லி, 9 பேரில் ஒருவர்கூட அதை அணியவில்லை. இதை நானே முன்கூட்டிக் கவனித்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அத்தனையும் ஆண்களுக்கான அளவில் தைக்கப்பட்டவை.

அடுத்து ‘எழுதுபவர் எவராயினும் நிரல் ஓடும்’ என்று 200 ஸ்டிக்கர்கள் அடித்தோம். அவை மடிக்கணினிகளில் விரும்பி ஒட்டப்பட்டன. ஆனால் ‘எழுதுபவர்’ என்பது இருபாலுக்கும் பொதுவான சொல் என்பதால், அது பாலினப் பன்மையைப் பற்றிய வாசகம் என்பதே எவருக்கும் புலப்படவில்லை. டெபியன் இயங்குதளத் திட்டத்தில் பெண்களுக்காக 2004இல் தொடங்கிய டெபியன் விமன், பைத்தான் மொழியில் நிரல் எழுதும் பெண்களுக்காக 2011இல் தொடங்கிய பைலேடீஸ் ஆகிய குழுக்களுக்குப் பெயரே முழக்கமாக அமைந்துவிட்டது. எங்களுடையது கலப்புக் குழு என்பதால் அந்த வழியும் பொருந்தவில்லை.

இன்னும் 3 வாரங்களில் அச்சகத்துக்கு இறுதி வடிவம் தர வேண்டும். இம்முறை பெண்களுக்கான அளவுகளும் உண்டு. முன்பக்கத்தில் ஒரே நிறத்தில் 6 சொற்களுக்குத்தான் இடம்.

பெண்களைக் காட்சிப்பொருளாக்காமல், அதே சமயம் வந்து சேருமாறு அவர்களை வெளிப்படையாக அழைக்கும் வாசகம் ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா?