பரணிலிருந்து இறக்கிய மடிக்கணினி, மறந்துபோன கடவுச்சொல்

கேள்வி:
2019இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் டி430. இரண்டு வருடம் பரணில் கிடந்தது. இப்போது விண்டோஸ் 7 கடவுச்சொல் கேட்கிறது. நினைவூட்டுக் குறிப்பாக நானே எழுதிவைத்திருப்பது: "எப்போதும் போடுவதுதான்". என்னை என்ன செய்யலாம்? மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

பதில் 1:
தாய்ப்பலகையில் இருக்கும் சிறு வட்ட பேட்டரியை (சிஎம்ஓஎஸ் பேட்டரி) கழற்றிப் பாருங்கள்.

பதில் 2:
அதனால் பயனில்லை ஐயா. விண்டோஸ் கடவுச்சொல் வன்தட்டில் இருக்கிறது, பேட்டரியில் அல்ல. வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். டி430ஐ இயக்கியதும் எஃப்12 அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். "நிறுவு" என்பதைத் தொடாதீர்கள்! வன்தட்டைத் திறந்து, யூசர்ஸ் கோப்புறையிலுள்ள படங்களை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். தட்டு சாவியின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது. படங்கள் வந்த பிறகு விண்டோஸைத் துடைத்துவிடலாம். 2020லேயே ஆதரவு நின்றுபோனதற்குக் கடவுச்சொல் தேடி என்ன பயன்?

கேட்டவர்:
214 படங்களும் கிடைத்துவிட்டன. கேக்கில் கைவைத்த படமும் இருக்கிறது. கடவுச்சொல் இன்னும் நினைவுக்கு வரவில்லை.