மலைக் கல்லூரியில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பி.இ: முதலில் எதைப் பிடிப்பது?

மேட்டுத்தோட்டம்: ஊட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. 60 இடத்தோடு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் தொடங்க யோசனை. ஆளா, லேபா, பாடத்திட்டமா, எதிலிருந்து தொடங்கலாம்?

பழைய_ஹெச்ஓடி: ஆள்தான் சார். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற 1:20 கணக்கில் நாலு வருஷத்துக்கு 240 மாணவர், ஆக 12 ஆசிரியர். 1:2:6 பங்கீட்டில் பேராசிரியர் 1, இணைப் பேராசிரியர் 3, மீதி உதவிப் பேராசிரியர். சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) துறை ஆட்களையே இங்கேயும் காட்டினால், ஆய்வுக் குழு வரும்போது மாட்டும். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி, அண்ணா பல்கலை இணைவு இரண்டும் கைக்கு வராமல் சேர்க்கை நோட்டீஸ் அடிக்காதீர்கள். என்பிஏ (படிப்புக்கான தர அங்கீகாரம்) பேச்சு இப்போது வேண்டாம். இரண்டு பேட்ச் வெளியேறிய பிறகுதான்.

குன்னூர்_லேப்: லேபில் மலைக்கு என்று தனித் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் பூட்டியே கிடந்தால் ரேம் முனைகளில் ஈரத்தால் களிம்பு படிந்து, ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தும். தினமும் ஒரு மணி நேரமாவது எல்லாவற்றையும் ஓட விடுங்கள். சுவரை ஒட்டி மேசை போடாதீர்கள். குளிரில் யுபிஎஸ் லெட்-ஆசிட் பேட்டரி சொன்ன நேரம் தாங்காது, கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்தால் நெட் போச்சு. கிட் சர்வர் (மாணவர் நிரல்களைச் சேமிக்கும் இடம்), பேக்கேஜ் மிரர் (மென்பொருள் தொகுப்புகளின் உள்ளூர் நகல்) இரண்டும் வளாகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

பிழைதிருத்தி: பாடத்திட்டத்தில் சிஎஸ்இயை நகலெடுத்துப் பெயர் மாற்றுவதுதான் வழக்கமான கோளாறு. தேவைப் பகுப்பாய்வு, டெஸ்டிங், பராமரிப்பு தனித்தனித் தாளாக வரணும். ஐந்து பேர் குழுவுக்கு இரண்டு செமஸ்டர் ப்ராஜெக்ட்; இரண்டாவதில் அடுத்த குழு எழுதிய நிரலை வாங்கித் திருத்தச் சொல்லுங்கள். நிரலுக்குள் கமென்ட் (விளக்கக் குறிப்பு) எழுதாதவன் யாரென்று அங்கே தெரியும்.

மேட்டுத்தோட்டம்: தன்னாட்சி இல்லாத கல்லூரி சார், பல்கலை தரும் பாடத்திட்டம்தான்; தாளை மாற்ற முடியாதே?

பிழைதிருத்தி: அப்படியானால் விருப்பப் பாடத் தேர்விலும் ப்ராஜெக்ட் நடத்தும் விதத்திலும்தான் உங்கள் கை ஓடும்.