கோட்டாவில போன பிள்ளைக்கு கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி உதவுமா?

கொக்கட்டிச்சோலை அப்பா:
மகள் பேராதனையில விஞ்ஞான பீடம், மூன்றாம் வருசம். வெளிநாட்டுக் கோடைகாலப் பயிற்சிக்கு அப்ளிக்கேஷன் போடச் சொல்லி மிஸ் ஒராள் சொல்லியிருக்கா. இவ, "நான் மாவட்டக் கோட்டாவில கம்பஸ் வந்தவள், அதெல்லாம் கொழும்புப் பிள்ளையளுக்கு" எண்டு நிக்கிறா. எட்டுப் பத்துக் கிழமை போய்வந்தா தைரியம் வருமா, இல்லாட்டி சேட்டிபிக்கட்டோட சரியா?

அக்கரைப்பற்று வாசகர்:
அமெரிக்க அரசின்ட ஆர்ஈயூ எண்ட, பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கான ஆராய்ச்சிப் பயிற்சிகள் அந்த நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவங்களுக்கும்தான். அங்க மினக்கெட வேணாம். ஜெனீவாவில சேர்ன் எண்ட பௌதிக ஆய்வுகூடம், ஜப்பானில ஒகினாவா விஞ்ஞானப் பல்கலைக்கழகம் ரெண்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கும்.

ஆரையம்பதி அக்கா:
அண்ணே, நானும் கோட்டாதான். கம்பஸுக்கு எடுக்கிறதில 40 வீதம் நாடு முழுக்கத் திறமைக்கு (மெரிட்), 55 மாவட்டக் கோட்டாவுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உள்ள போனாப் பிறகு எல்லாருக்கும் ஒரே பேப்பர். ஆனாலும் அந்தச் சொல்லு ஆளை விடாது.

நான் ஒகினாவா போனன். கம்பஸ் பிரக்டிகல்ல விடை முதலே புத்தகத்தில இருக்கும். வராட்டிப் பிழை நம்மட கையில. அங்க டிஎன்ஏத் துண்டைப் பெருக்கிற பிசிஆர் ஓட்டி, அதை ஜெல்லில ஓடவிட்டு யூவி லைட்டில வச்சா, அளவு பாக்கப் போடுற லாடர் எண்ட டிஎன்ஏ மட்டும் பளிச்செண்டு நிக்குது, என்ட சாம்பிள் ஒண்டும் இல்ல. அழுகை வந்திட்டு. சூப்பர்வைசர் ஏசவும் இல்ல, ஆறுதலும் சொல்லல்ல. "லாடர் வந்திருக்கு, அப்ப ஜெல் சரி. அடுத்தது எதைச் சந்தேகப்படுவாய்?" எண்டார். பிரைமர், அதாவது பெருக்கத்தைத் தொடக்கிற சின்ன டிஎன்ஏத் துண்டு, ஒட்டுற வெப்பநிலையைக் குறைச்சுப் பாக்கவா எண்டு கேட்டன். "பார்" எண்டுட்டுப் போயிட்டார். பிறகு என்ட சாம்பிளுக்கும் ஜெல்லில கோடு வந்தது, அது பெரிய கதையில்ல. லாப் மீட்டிங்கில என்ட இங்கிலிஷ் தட்டுத்தடுமாறினாலும், அந்த ஜெல்லைப் பத்திக் கேக்க வேண்டியதெல்லாம் என்னட்டத்தான் கேட்டாங்க. கோட்டாவோ மெரிட்டோ எண்டு அங்க ஆருக்குத் தெரியும்?

ஒண்டு சொல்றன், எல்லா லாபும் இப்பிடியில்ல. போத்தல் கழுவவிட்டு அனுப்பினா உள்ள தைரியமும் போயிடும். ஆர் பாத்துக்கொள்ளுவாங்க, பிள்ளைக்கெண்டு தனி வேலை இருக்கா எண்டு முதலே ஈமெயில்ல கேக்கச் சொல்லுங்க. அமெரிக்காவில மேரிலாண்டில ஒரு பல்கலைக்கழகத்தில 1988ல கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கின மேயர்ஹோஃப் திட்டத்தில, முதல் வருசம் தொடங்க முந்தின கோடையிலேயே எல்லாரையும் ஒண்டா வச்சுப் படிப்பிப்பாங்க. தனியா விடுறதில்ல. மகளுக்கும் கூட அப்ளை பண்ண ஒரு கூட்டாளி இருந்தா நல்லம்.

கொக்கட்டிச்சோலை அப்பா:
மகளுக்குக் காட்டினன். சிவி ஒருக்காப் பாத்துத் தருவீங்களா எண்டு கேக்கிறா.

ஆரையம்பதி அக்கா:
அனுப்பச் சொல்லுங்க. ஏ லெவல் இசட் ஸ்கோரை மட்டும் அதில போட வேணாம், அங்க ஒருத்தரும் அதைக் கேக்கமாட்டாங்க.