செலவுக் கோடு சரியான எடத்துல வெட்டல, எக்செல்ல என்ன பண்ணணும்?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைய வச்சு காலேஜ் ப்ராஜெக்ட் பண்றேன், ஷெட் வாடகை 6000 மாறாச் செலவு, சிமெண்ட் மணல் கலர் கூலி எல்லாம் மாறும் செலவு, 100 100 கல்லா ஏத்தி கிராஃப் போட்டா இறுதிநிலைச் செலவுக் கோடு (கூடுதலா ஒரு கல்லு செய்ய ஆகுற செலவு) சராசரி மொத்தச் செலவுக் கோட்ட அதோட அடிமட்டத்துல வெட்டாம தள்ளி வெட்டுது, ஏன்ணே?

பதில்: கூடுன செலவ கூடுன கல்லால வகுக்குறது 100க்கும் 200க்கும் நடுவுல உள்ள கணக்கும்மா, அத 150க்கு நேரா வைங்க. லைன் சார்ட் வேணாம், ஸ்கேட்டர் போடுங்க.

பதில்: 0 வரிசையில சராசரிய காலியா விடுங்க, வகுத்தா எரர்தான்.

பதில்: இறுதிநிலைக் கோடு ஏன் ஏறுதுன்னும் கட்டாயம் எழுதுங்க தங்கச்சி, கல்லு வார்க்குற அச்சும் கண்ணாடியும் அப்படியே இருக்க ஆள மட்டும் கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல அச்சுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க, கூடுதல் ஆளால கூடுற கல்லு கொறையும், அதனால கூடுற ஒவ்வொரு கல்லுக்கும் ஆகுற செலவு ஏறும். வாடகைய 8000 ஆக்கிப் பாருங்க, சராசரி மொத்தச் செலவு மேல போகும், இறுதிநிலைக் கோடு அசையாது.