சீத்தாப்பழத்தில் இருப்பதும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றா?

குடியாத்தத்துக்காரி:
எங்க நைனாவுக்கு 62 வயசு. சர்க்கரை என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு பழம் தொடுவதில்லை. ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்குக் கூடை கூடையாகச் சீத்தாப்பழம் இறங்கும்போது, முன்பெல்லாம் பை நிறைய வாங்கி வந்து, திண்ணையில் உட்கார்ந்து கொட்டையைத் துப்பித் துப்பிச் சாப்பிடுவார். இப்போது அந்தக் கூடையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பூமிக்கு அடியில் விளைவது ஆகாது என்று கேரட், பீட்ரூட்டையும் நிறுத்திவிட்டார். ஆனால் சர்க்கரை போடாத சாத்துக்குடி ஜூஸ் மட்டும் தினமும் ஒரு கிளாஸ்! இது சரியா?

பாலாற்றங்கரை:
அக்கா, முதலில் அந்த ஜூஸை நிறுத்தச் சொல்லுங்கள். பழத்தில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றும் கலந்திருக்கும். கடைச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான், வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். ஆக, பொருள் ஒன்றேதான். அது எதோடு சேர்ந்து உள்ளே போகிறது என்பதில்தான் வித்தியாசம். சுளையாக மென்றால் நார் சர்க்கரையை மெதுவாக விடும், இரண்டு பழத்திலேயே வயிறும் போதும் என்று சொல்லிவிடும். ஒரு கிளாஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிந்து, சக்கையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும் குறைக்க வேண்டிய பட்டியலில்தான் வைத்தது. முழுப் பழத்தை அதில் சேர்க்கவில்லை.

காட்பாடி அம்மா:
காய் விஷயத்தில் உங்கள் நைனா வீணாகப் பயப்படுகிறார். 100 கிராம் கேரட்டில் சர்க்கரை 5 கிராம் போல, பீட்ரூட்டில் 7 கிராம் போல. இரண்டு கரண்டி பொரியலில் என்ன வந்துவிடப் போகிறது? தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு ஓரத்தில் இருக்கும் கேரட்டைக் குற்றம் சொல்வது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். 100 கிராம் சோற்றிலேயே மாவுச்சத்து 28 கிராம் இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைத்தால் தாராளமாகச் சமைத்துப் போடுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மட்டும் கவனம், வேகும்போது அதன் மாவே மால்டோஸ் என்ற சர்க்கரையாகிவிடும்.

பழத்தில் கொய்யாதான் என் முதல் தேர்வு. 100 கிராமில் சர்க்கரை 9 கிராம் என்றால் நாரே 5 கிராம் இருக்கும். சீத்தாப்பழம் நல்ல இனிப்பு, சதையில் கால்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அதனால் அளவு முக்கியம். என் வீட்டுக்காரருக்குப் பாதிப் பழம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தேன். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த நாளில் ஏறியது, சோற்றைக் குறைத்துக்கொண்டு சாயங்காலம் தனியாகக் கொடுத்த நாளில் அவ்வளவு ஏறவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. மாத்திரை போடுகிறவர், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாலாற்றங்கரை:
ஆமாம். அப்புறம் வாழைப்பழமும் அப்படித்தான் அக்கா, பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாகும். தோலில் கரும்புள்ளி விழுந்த ஏலக்கியைவிட, இப்போதுதான் மஞ்சளானது தேவலை.

குடியாத்தத்துக்காரி:
ரொம்ப நன்றி. டாக்டரிடம் கேட்டேன், பாதிப் பழம் அளவோடு சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் போய் நான்கு பழம் வாங்கி வந்தேன். பாதியைப் பிட்டுக் கையில் கொடுத்ததும் நைனா ஒன்றும் பேசவில்லை, நேராகத் திண்ணைக்குப் போய்விட்டார். கொட்டைகளை எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு.