ஹவாயில் கரையிலிருந்தே டைவிங்: டிசம்பரில் இறங்கலாமா?

அஸ்தம்பட்டி_ரவி:
வணக்கம். சேலத்தில் இருக்கிறேன். போன பிப்ரவரியில் பாண்டிச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் பயிற்சியை முடித்தேன். இதுவரை 6 டைவ், எல்லாமே படகிலிருந்து. டிசம்பர் கடைசியில் ஹொனலுலுவில் அக்கா வீட்டுக்கு 12 நாள் போகிறோம். அங்கே சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, காரில் போட்டுக்கொண்டு போய், கரையிலிருந்தே இறங்குகிறார்களாம். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவின் வடகரையில் ஷார்க்ஸ் கோவ் அருமையான இடம் என்கிறார்கள். அப்புறம் பக்கத்துத் தீவான பிக் ஐலண்டில் இரண்டு நாள். ஒரு நாள் காலையில் டைவ், அன்று சாயங்காலமே அங்குள்ள மௌனா கேயா மலை உச்சியில் சூரிய அஸ்தமனம் என்று திட்டம். கூட இறங்கப்போகும் மாமாவும் புதுசுதான். எனக்கு ஆத்தூர் பக்கம் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய நீச்சல், நன்றாகவே வரும். இது போதுமா?

காபித்தோட்டம்_ஏற்காடு:
தம்பி, டிசம்பரில் ஷார்க்ஸ் கோவ் பக்கமே இறங்காதீர்கள். காபி வேலையாக இரண்டு பழப்பறிப்புக் காலம் பிக் ஐலண்டின் மேற்குக் கரையில் உள்ள கோனாவில் இருந்தவள் நான். அதே ஷார்க்ஸ் கோவை ஜூலையில் பார்த்தேன், ஏரி மாதிரி கிடந்தது. டிசம்பரில் போனபோது பாறையே தெரியவில்லை, வெறும் நுரை. குளிர்காலத்தில் வடபசிபிக்கில் அடிக்கும் புயல்களின் அலை ஓவாஹுவின் வடகரையில்தான் வந்து மோதும். 30 அடியைத் தாண்டும் நாட்களும் உண்டு. கோடையில் கதை மாறும், தெற்குக் கரைக்கு அலை வரும். எந்த மாதம், தீவின் எந்தப் பக்கம் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று. ஊர்க்காரர்கள் "நாலடி அலை" என்றால் நம்பி இறங்கிவிடாதீர்கள். பழைய ஆட்கள் அலையைப் பின்பக்கமாக அளப்பார்கள். முன்னால் நிற்கும் உங்களுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அரசு வானிலை முன்னறிவிப்பில் வருவது முன்பக்க உயரம், அதைப் பாருங்கள்.

கிணற்று நீச்சல் நல்லதுதான், மூச்சுப் பதற்றம் இருக்காது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. மேட்டூரில் மதகு திறந்த அன்று காவிரியில் கால் வைப்போமா? அந்தக் கண்ணோடு கடலைப் பாருங்கள். கரையில் உட்கார்ந்து 20 நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். ஐந்தாறு பெரிய அலை சேர்ந்து வரும், அப்புறம் ஒரு ஓய்வு வரும். அந்த ஓய்வில்தான் இறங்குவது.

பிக் ஐலண்டில் ஹோனௌனௌ விரிகுடாவில் டூ ஸ்டெப் என்ற இடம் உங்களுக்குச் சரியாக இருக்கும். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, தானாகவே இரண்டு படி மாதிரி அமைந்திருக்கும். மேல்படியில் உட்கார்ந்து மாஸ்க், காலுக்குத் துடுப்பு மாதிரியான ஃபின் போட்டு, பி.சி.டி. என்கிற மிதவைச் சட்டையில் காற்றடைத்து, மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு, அலை கீழ்ப்படிவரை ஏறும் நேரத்தில் அப்படியே சரிந்து இறங்கிவிடலாம். பாறையை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். அரம் மாதிரி கிழிக்கும், இடுக்கில் வானா இருக்கும். நீள முள் உள்ள கடல் முள்ளெலியை அங்கே அப்படிச் சொல்வார்கள். உள்ளே மணல் தரையில் யாரோ சிமெண்ட் கல்லால் 'அலோஹா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே நிமிர்ந்தால் ஆமை. தொடாமல் தள்ளி நில்லுங்கள். மௌனா லோவா மலை மறைப்பதால் வடகிழக்குக் காற்று அந்தக் கரைக்கு அவ்வளவாக வராது. மேற்கிலிருந்து பெரிய அலை வரும் நாளில் மட்டும் அங்கேயும் இறங்கக் கூடாது.

இரண்டு பேருமே புதுசு என்பதால் முதல் டைவுக்கு உள்ளூர் வழிகாட்டியை வையுங்கள். காசு பார்க்காதீர்கள்.

ஃபேர்லேண்ட்ஸ்_மீனா:
ஓவாஹுவில் வைக்கிக்கி, ஹனௌமா விரிகுடா பக்கம் போனால் பௌர்ணமி எப்போது என்று காலண்டரில் பாருங்கள். அதிலிருந்து 8 முதல் 10 நாளில் பாக்ஸ் ஜெல்லி என்ற கொட்டும் ஜெல்லிமீன் கரைக்கு வரும். என் மகனுக்குத் தொடையில் பட்டு, சாட்டையால் அடித்தது போல மூன்று கோடு. கையில் வினிகர் வைத்திருங்கள். சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று 2021 முதல் அங்கே அவற்றை விற்கத் தடை.

அஸ்தம்பட்டி_ரவி:
நன்றி அக்கா, நன்றி மீனா. ஷார்க்ஸ் கோவை விட்டுவிட்டேன். மௌனா கேயா பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

காபித்தோட்டம்_ஏற்காடு:
அதைத் தனியாக எழுத நினைத்தேன், ஏனென்றால் நானே பட்டிருக்கிறேன். பாண்டிச்சேரியில் இரண்டு நாளில் 5 டைவ் போட்டுவிட்டு அன்று இரவே தோட்டத்துக்குத் திரும்பினேன். சேலத்திலிருந்து ஜீப். பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இடது முழங்கைக்குள் ஒரு குடைச்சல். சிலிண்டர் தூக்கியதால் சுளுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். வீடு சேர்ந்தபோது விரல் மரத்துவிட்டது. உடனே கீழே இறக்கி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் தணிந்தது. கற்றுக்கொடுத்த இடத்தில் விமானத்தைப் பற்றிச் சொன்னார்கள், மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் மேலே ஏறினால் காற்றழுத்தம் குறைந்து, சோடா மூடி திறந்த மாதிரி குமிழி கட்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மௌனா கேயா 4207 மீட்டர். விமானத்துக்குள்ளேகூட சுமார் 2400 மீட்டர் உயரத்துக்கு உண்டான அழுத்தமாவது இருக்கும்.

அதனால் முதல் நாள் மலை, மறுநாள் டைவ். ஹொனலுலு திரும்பும் விமானத்துக்கும் கடைசி டைவுக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.

அஸ்தம்பட்டி_ரவி:
அப்படியே மாற்றிவிட்டேன். முதல் நாள் மௌனா கேயா, இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஹோனௌனௌ முடித்துவிடுவோம், மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு விமானம். என் ஃபின் வெறுங்காலில் போடுவது, அது சரிப்படுமா?

காபித்தோட்டம்_ஏற்காடு:
சரிப்படாது. காரிலிருந்து தண்ணீர்வரை அந்தப் பாறைமேல்தான் நடக்க வேண்டும். கெட்டி அடி உள்ள பூட்டும், அதன்மேல் மாட்டுகிற பட்டை வைத்த ஃபின்னும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மாமாவுக்கும் சேர்த்து எடுங்கள்.